பனியன் கம்பெனி எக்செல்லில் இருந்து எங்கே போவது: சுகாதாரமா, வரியா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பிறகு ஆங்கில வழியில் பி.எஸ்ஸி. புள்ளியியல். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் எம்ஐஎஸ் பிரிவில் நான்கு ஆண்டு பத்து மாதமாக வேலை. ஆர்டர், உற்பத்தி, இருப்பு என்று அன்றாட அறிக்கைகளை எக்செல்லிலும், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லிலும் தயாரிக்கிறார். சம்பளம் 32,000 ரூபாய். "கொரோனா சமயத்துல மாவட்டவாரியா தினமும் வந்த பட்டியலப் பாத்துப் பாத்துத்தானுங்க இதுல ஆசை வந்துச்சு. எண்ணை வெச்சு நாலு பேருக்கு நல்லது நடக்கற எடத்துல வேலை செய்யோணும்" என்று எழுதுகிறார்.

இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, அரசு சுகாதாரத் திட்டங்களை நடத்தும் மாவட்ட நலவாழ்வு சங்கத்தில் 11 மாத ஒப்பந்தத்தில் தரவு மேலாளர் பணி. தொகுப்பூதியம் 22,000. நேர்காணல் முடிந்து தேர்வாகிவிட்டார், ஆணை வரவேண்டும். இன்னொன்று, வரித்துறைத் திட்டம் ஒன்றுக்கு ஆள் எடுக்கும் கோவைத் தனியார் நிறுவனத்தில் 'ஜிஎஸ்டி டேட்டா அனலிஸ்ட்' வேலை. 38,000 தருகிறார்கள். அப்பா, "கவர்மெண்டுல ஒரு கால வெச்சுப்போடு அம்மணி, பொறகு தானா பர்மனெண்ட் ஆயிரும்" என்கிறாராம். அம்மாவுக்குத் தை பிறந்தால் கல்யாணப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இதற்கிடையில் ஒரு பயிற்சி மையம் 1,40,000 ரூபாய்க்கு டேட்டா சயின்ஸ் படிப்பைச் சிபாரிசு செய்கிறது. எதில் சேர்வது, அந்தப் படிப்பு தேவையா, கம்பெனி டேட்டாவை வைத்துத் தன் திறமையைக் காட்டலாமா, தமிழ் வழியில் படித்ததற்கு அரசுத் தேர்வில் சலுகை உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

சுகாதாரம், வரி என்ற இரண்டையும் எதிரெதிர் துருவங்களாக நினைத்துக் குழம்பியிருக்கிறீர்கள். டேட்டா வேலை என்று பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். யாரோ ஒரு களப்பணியாளரோ வியாபாரியோ ஒரு படிவத்தை நிரப்புகிறார். அவருக்கென்று அவசரமும் பயமும் இருக்கின்றன. அந்தப் படிவங்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஓர் அட்டவணையாகி உங்கள் திரைக்கு வருகின்றன. அந்த எண் எங்கே, யார் கையால், எந்த நிர்ப்பந்தத்தில் பிறந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இரண்டு துறையிலும் மதிப்பு. மென்பொருளை ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். படிவத்தைப் படிக்கக் கற்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். நான் கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் அந்த இரண்டு வாய்ப்புகள்

அப்பாவின் நம்பிக்கை இன்றைய சட்ட நிலைக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2006இல் உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்தது. நீண்ட காலம் தொடர்ந்து உழைத்தவர்களை அந்தத் தீர்ப்பைக் காட்டியே கழற்றிவிடக் கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பத்து இருபது வருடம் வேலை செய்துவிட்டு வழக்குக்குப் போனவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். அதை நம்பி யாரும் வேலையில் சேரக் கூடாது. நலவாழ்வு சங்க அறிவிப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 'முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்பட மாட்டாது' என்ற வரி அநேகமாக இருக்கும். சேரும்போது அதற்கு ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். உங்கள் வார்த்தையை விட அது எடுபடும்.

கோவை வேலையைக் கடிதத்தில் 'வரித்துறை வேலை' என்று குறிப்பிடுகிறீர்கள். அது வரித்துறை வேலை இல்லை. உங்கள் முதலாளி அந்தத் தனியார் நிறுவனம்தான். துறையோடு அதற்குள்ள ஒப்பந்தம் முடிந்தால் உங்களை வேறு திட்டத்துக்கு மாற்றலாம், வெளியேயும் அனுப்பலாம். அனுபவச் சான்றிதழிலும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். இது மோசமான வேலை என்று நான் சொல்லவில்லை. 38,000 நியாயமான சம்பளம், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேர்ந்தால் போதும். திட்ட ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, திட்டம் நின்றால் எத்தனை நாள் நோட்டீஸ், பி.எஃப். யார் பெயரில் கட்டப்படும், நடுவில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் உண்டா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நலவாழ்வு சங்கத்தில் கேட்க வேண்டியது வேறு. பதவியின் பெயர் தரவு மேலாளர் என்றிருந்தாலும் நாள் முழுக்கப் பதிவேட்டைப் பார்த்துப் போர்ட்டலில் ஏற்றும் வேலையாக இருந்துவிடலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இப்போது அந்த இருக்கையில் இருப்பவரையோ பக்கத்து மாவட்டத்தில் அதே பணியில் இருப்பவரையோ பார்த்து, சென்ற வாரம் அவர் தயாரித்த அறிக்கைகள் என்னென்ன, அவற்றை யார் வாங்கிப் பார்த்தார்கள், பார்த்த பிறகு களத்தில் ஏதாவது மாறியதா என்று கேளுங்கள். மாவட்ட சுகாதார அலுவலரின் வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு அந்த அறிக்கை போகிறதென்றால் அது நல்ல இருக்கை. கடவுச்சொல்லும் பதிவேடும்தான் பதிலென்றால் 10,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு அங்கே போகத் தேவையில்லை.

திருமணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கவலை இருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஒப்பந்தப் பணியாளருக்கும் 26 வார மகப்பேறு பலன் உண்டு. விடுப்பின் நடுவில் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பலன் நிற்காது என்று 2023 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'ஒப்பந்தக்காரருக்கு லீவு கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சுகாதாரத் துறையில் எண் பிறக்கும் இடம்

நோய்க் கண்காணிப்பில் தகவல் மூன்று படிவங்களில் வருகிறது. எஸ் படிவம் கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை மட்டும் வைத்துப் பதிவது: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல். பி படிவம் மருத்துவர் இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதிப் பதிவது. எல் படிவம் ஆய்வகம் உறுதி செய்தது. இன்று இவை மத்திய சுகாதாரத் துறையின் ஐஹெச்ஐபி இணையத் தளத்தில் ஏறுகின்றன. புதிதாக வருபவர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே செய்யும் தவறு, மூன்றையும் கூட்டிவிடுவது. ஒரே காய்ச்சல்காரர் மூன்றிலும் இருப்பார். மூன்று தனித்தனி அளவுகோல்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் போன வாரத்தோடும் போன வருட இதே வாரத்தோடும்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பூஜ்யம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேராக 0 இருந்தால் நோயாளி இல்லை என்றும் பொருள், செவிலியர் பணியிடம் காலியாகி யாரும் பதியவில்லை என்றும் பொருள். எக்செல்லில் வெற்றுக் கட்டத்தை 0 ஆக மாற்றும் பழக்கம் கம்பெனியில் வசதியாக இருந்திருக்கும். இங்கே அது ஆபத்து. எத்தனை நிலையங்கள் அறிக்கை அனுப்ப வேண்டும், எத்தனை அனுப்பின என்ற விகிதம் உங்கள் அறிக்கையின் முதல் வரியில் இருக்கட்டும். அது 60 சதவீதம் என்றால் மீதி வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனைக்குப் புதிதாக எலைசா பரிசோதனை வசதி வந்தால் அந்த வட்டாரத்தில் உறுதி செய்யப்பட்ட எண்ணிக்கை சட்டென்று ஏறும். கொசு பெருகாமலே கோடு மேலே போகும். அதனால் எண்ணிக்கையோடு எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, அதில் எத்தனை சதவீதம் பாசிடிவ் என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். கூடவே களத்தின் கொசுப்புழுக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 100 வீடு பார்த்து 8 வீட்டில் புழு, மொத்தம் 14 பாத்திரங்களில் புழு என்றால் வீட்டுக் குறியீடு 8, ப்ரெட்டோ குறியீடு 14. நோயாளி எண்ணிக்கை ஏறியும் புழுக் கணக்கு அசையவே இல்லை என்றால், பரிசோதனை கூடியிருக்கலாம், அல்லது வீடுகளைச் சரியாகப் பார்க்காமல் எழுதியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க சுகாதார ஆய்வாளரோடு ஒரு நாள் தெருவுக்குப் போவதுதான் வழி.

கொங்குப் பகுதிக்கே உரிய இரண்டு சிக்கல்களும் உண்டு. பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருக்கும் ஊரில் அல்ல. கோவையின் பெரிய மருத்துவமனைகளுக்கு நீலகிரி, திருப்பூர், ஈரோடு, பாலக்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பதிவை அப்படியே எடுத்துக் கோவை மாநகரின் மக்கள்தொகையால் வகுத்தால் இறப்பு விகிதம் பயமுறுத்தும். நிரந்தர முகவரியை வைத்துத் திரும்பப் பிரித்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். இரண்டாவது, வகுக்கும் எண். 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்ட மக்கள்தொகை 24.79 லட்சம். அதற்குப் பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் தங்கியிருக்கும் தொழிலாளர் அந்த எண்ணில் இல்லை. ஆனால் நோயாளிப் பட்டியலில் இருக்கிறார்கள். மேலே இருக்கும் எண் வளர, கீழே இருக்கும் எண் அப்படியே நிற்கிறது. நீங்கள் திருப்பூரை அறிந்தவர் என்பதால் இது உங்களுக்கு உடனே புரியும். சென்னையிலிருந்து பார்ப்பவருக்குப் புரிய நாளாகும்.

சின்ன எண்களிடமும் கவனம் வேண்டும். ஒரு மாவட்டத்தில் வருடம் 20,000 பிரசவம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தாய் மரணம் லட்சத்துக்கு 5 என்று விகிதத்தை மாற்றும். போன வருடம் 8 மரணம், இந்த வருடம் 10 என்றால் விகிதம் 40இலிருந்து 50 ஆகிறது. அதை வைத்து ஒரு மருத்துவ அலுவலரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது அநியாயம். அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரக்கூடியது என்று உங்கள் புள்ளியியல் படிப்பே சொல்லும். இத்தகைய இடத்தில் விகிதத்தை விட்டுவிட்டு, பத்து மரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எந்தக் கட்டத்தில் தாமதம் என்று பார்ப்பதே பயன் தரும். மூன்று அல்லது ஐந்து வருடச் சராசரியை ஒரு துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரித்துறை: பாதி தெரிந்தவர் நீங்கள்

வரித்துறை வேலைக்கு கோடிங் தெரிந்தால் போதும், சட்டம் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிலைமை நேரெதிர். சட்டம் தெரியாத அனலிஸ்ட் அப்பாவிகள் மீது நோட்டீஸ் பாய வழி செய்துவிடுவார். உங்கள் ஊர்த் தொழிலையே பாருங்கள். ஒரு பனியன் நிறுவனம் நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறது. துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு பிரிண்டிங்குக்குப் போய்க் கடைசியில் தையலுக்கு வருகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் டெலிவரி சலான் போடுகிறார்கள், தேவைப்பட்டால் சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் எடுக்கிறார்கள். விற்பனை ஒன்று, இ-வே பில் ஐந்து. இ-வே பில் மதிப்பைக் கூட்டி விற்பனையையும் வரியையும் சுருக்கமாகக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் விற்றுமுதலோடு ஒப்பிட்டால் திருப்பூரில் பாதிப் பேர் வரி ஏய்ப்பவராகத் தெரிவார்கள். இ-வே பில்லில் 'ஜாப் ஒர்க்' (கூலிக்குச் செய்துதரும் வேலை) என்ற துணை வகையைத் தனியே பிரித்துவிட்டு, ஐடிசி-04 படிவத்தில் அனுப்பிய, திரும்பி வந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் சந்தேகத்துக்குரியது. இது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றாடம் அந்தச் சலான்களைப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவு மாதாமாதம் 2பி ரீகன்சிலியேஷன் (கணக்குப் பொருத்திப் பார்த்தல்) செய்கிறது. விற்றவர் தன் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டியது, வாங்கியவருக்கு வரும் வரி வரவுத் தாளான உங்கள் 2பியில் வந்ததா, உங்கள் கொள்முதல் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை அது. அதை ஓரிரு மாதம் நீங்களே செய்து பாருங்கள். நூல் மில் '0047/25-26' என்று போட்ட பில்லை உங்கள் ஆள் '47' என்று ஏற்றியிருப்பார். பொருந்தாது. சாய்கோடு, இடைவெளி, முன்னால் நிற்கும் பூஜ்யங்கள், ஆண்டுக் குறி ஆகியவற்றை நீக்கி எண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை மூன்றையும் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்துப் பொருத்த வேண்டும். மிஞ்சியதை ஜிஎஸ்டி எண், தொகை, தேதி என்று இரண்டாவது சுற்றில் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் பொருந்துவதை அப்படியே ஏற்காமல் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் சரியென்று குறிக்க வேண்டும். ஒரே மில்லிடம் ஒரே விலைக்கு ஒரே வாரத்தில் இரண்டு லோடு வாங்குவது சகஜம்.

ஜிஎஸ்டி எண்ணிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 பான் எண். 13ஆவது இடம், அதே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14 வழக்கமாக இசட். கடைசி, முந்தைய 14ஐ வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்புக் குறி. பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தை அடித்த பிழைகளை அந்தக் கடைசிக் குறி பிடித்துவிடும். நடுவில் உள்ள பான் எண்ணை மட்டும் வெட்டியெடுத்தால் ஒரே ஆளின் பல மாநிலப் பதிவுகளை இணைத்துப் பார்க்கலாம். போலி பில் சங்கிலிகளைத் தேடுவதில் இது ஒரு முதல் படி.

தேதியும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. அதற்கு முன் 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அதன் பிறகு 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செயற்கை இழை நூலும் 12இலிருந்து 5க்கு வந்தது. இந்தத் தேதியைக் கவனிக்காமல் ஆண்டுச் சராசரி வரி விகிதம் போட்டால் செயற்கை இழை நூல் வியாபாரிகள் எல்லோரும் திடீரென்று குறைத்துக் காட்டியதாகத் தோன்றும். ஒவ்வொரு ஒப்பீட்டையும் அந்த நாளில் வெட்டி இரண்டாகச் செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், இங்கே உங்கள் வரிசைப் பட்டியல்தான் நோட்டீஸாக மாறுகிறது. ஜிஎஸ்டிஆர்-1க்கும் 3பிக்கும் இடையே வேறுபாடு வரம்பைத் தாண்டினால் விளக்கம் கேட்கும் டிஆர்சி-01பி அறிவிப்பு தானாகப் போகிறது. பதில் தர 7 நாள்தான். ஆய்வில் முரண்பாடு கண்டால் அலுவலர் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் அனுப்புவார். சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர் ஆடிட்டரைத் தேடி ஓடி, ஒரு நாள் வேலையை விட்டுப் பதில் போட வேண்டியிருக்கும். பட்டியலில் எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதோடு, பிடித்தவர்களில் எத்தனை பேர் மீது கடைசியில் ஒன்றுமில்லை என்று மூடினார்கள் என்பதையும் ஒரு நல்ல அனலிஸ்ட் கணக்கில் வைத்திருப்பார்.

நிரந்தர இடத்துக்கான வாசல்

அரசில் 'டேட்டா அனலிஸ்ட்' என்ற பெயரில் நுழைவுப் பதவியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேலை இருக்கிறது, பெயர் வேறு. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர், பொது சுகாதாரத் துறையில் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் ஆகியவை டிஎன்பிஎஸ்சி வழியாக நிரப்பப்பட்டவை, உங்கள் பட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துபவை. அறிவிக்கையின் தலைப்பு மாறிக்கொண்டே இருப்பதால் பதவியின் பெயரை வைத்துத் தேடுங்கள். வணிகவரித் துறைக்குள் போக குரூப் 2 வழியாகத் துணை வணிகவரி அலுவலர், குரூப் 1 வழியாக உதவி ஆணையர். மத்திய அரசில் எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வு ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கதவைத் திறக்கிறது: இளநிலைப் புள்ளியியல் அலுவலர், தொடக்க அடிப்படை ஊதியம் 35,400, மத்திய ஜிஎஸ்டி இன்ஸ்பெக்டர், 44,900. முதலாவதற்குத் தனியாகப் புள்ளியியல் தாள் எழுத வேண்டும், அங்கே உங்களுக்குப் போட்டி குறைவு. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு வயது 30 வரை எழுதலாம். பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே தகுதி உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தமிழ் வழிச் சலுகை பற்றிக் கேட்டீர்கள். வருத்தமான பதில். 20 சதவீத முன்னுரிமை பெற, 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பதவிக்கான கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டப் படிப்பு தகுதியாக உள்ள பதவிகளில் உங்கள் ஆங்கில வழி பி.எஸ்ஸி. அதைத் தடுத்துவிடும். விண்ணப்பத்தில் தவறாக 'ஆம்' என்று குறித்துவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் முழு விண்ணப்பமும் சிக்கலாகும். அந்தக் கட்டத்தில் கவனமாக இருங்கள். கட்டாயத் தமிழ்த் தாளில் தேர்ச்சி 40 சதவீதம். அது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த 1,40,000 ரூபாய்

வேண்டாம். அந்தப் பாடத்திட்டத்தை இணைத்திருந்தீர்கள், பார்த்தேன். முக்கால்வாசி இயந்திரக் கற்றல் மாதிரிகள். மாவட்ட அலுவலகத்திலோ வரி அலுவலகத்திலோ உங்களுக்கு வருவது சுத்தம் செய்யாத பட்டியல்கள். ஒரே பெண்ணின் பெயரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கும். 'செந்தில்' என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றாமல் தேடவே முடியாது. இதற்குத் தேவையானவை எக்செல்லில் பவர் க்வெரி, எஸ்க்யூஎல் ஜாயின்கள், ஆர் அல்லது பைத்தான் ஏதாவது ஒன்று, வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ். முதல் இரண்டில் பாதி உங்களிடம் இருக்கிறது. மற்றவை இலவச மென்பொருள்கள். நோயியல் அடிப்படைக்குத் தனியாகப் படிக்க ஆசை என்றால், வேலையில் ஒரு வருடம் இருந்துவிட்டு எம்பிஎச் (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) அல்லது உயிர்ப்புள்ளியியல் முதுநிலை பற்றி யோசியுங்கள். வேலூர் சிஎம்சி, ஜிப்மர், மும்பை ஐஐபிஎஸ் ஆகியவற்றில் இந்தத் துறைப் படிப்புகள் உள்ளன. எம்பிஎச் இல்லாமல் சுகாதாரத் துறையில் நுழைய முடியாது என்பது தவறான எண்ணம்.

கம்பெனி டேட்டாவைத் தொடாதீர்கள்

பெயரை அழித்துவிட்டால் காட்டலாமே என்று கேட்கிறீர்கள். வாங்குபவர், விலை, மாதம் மூன்றும் இருந்தால் திருப்பூரில் யார் ஆர்டர் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாளை போகப்போகும் இரண்டு துறைகளிலும் இது இன்னும் கடுமை. ஜிஎஸ்டி சட்டத்தின் 158ஆம் பிரிவு, பணியில் அறிந்த வரித் தகவலை வெளியிடுவதைத் தடுக்கிறது. நோயாளிப் பட்டியலை, பெயரும் கைபேசி எண்ணுமாக, வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தைப் பார்ப்பீர்கள். எச்ஐவி, காசநோய், கருக்கலைப்பு போன்ற விவரங்கள் ஒரு சின்ன ஊரில் வெளியே தெரிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே குலைந்துபோகும். நீங்கள் அதில் பங்கெடுக்காதீர்கள். பட்டியலில் அடையாள எண்ணை மட்டும் வைத்து, பெயர் உள்ள கோப்பைக் கடவுச்சொல்லோடு தனியே வைக்கலாம் என்று மேலதிகாரியிடம் மாற்று வழியோடு போய்ச் சொல்லுங்கள்.

திறமையைக் காட்டப் பொதுவில் கிடைக்கும் தரவே போதும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தாள்களிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூரை எடுத்து இரத்தசோகையையும் உயர் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதாந்திர மாநிலவாரி ஜிஎஸ்டி வசூலில், 2025 செப்டம்பர் 22ஐ ஒட்டி என்ன நடந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம், அதில் அரைப் பக்கம் 'இந்தத் தரவால் எதைச் சொல்ல முடியாது' என்பதற்கு. நேர்காணலில் அந்த அரைப் பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

என் யோசனை

ராஜினாமாக் கடிதத்தை இந்த மாதம் கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உங்களுக்கு ஐந்தாண்டு நிறைகிறது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை அப்போதுதான் சந்தேகமில்லாமல் வரும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் அதற்காக வழக்காடுவதை விட நாளை நிறைவு செய்வது சுலபம். அடிப்படையும் பஞ்சப்படியும் 18,200 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 10,500, ஐந்து ஆண்டுக்கு 52,500 ரூபாய். நலவாழ்வு சங்கத்துக்குப் போனால் மாதம் குறையப்போகும் 10,000 ரூபாயை ஐந்து மாதத்துக்கு இது ஈடுகட்டும். ஆணை வந்ததும் சேரும் தேதியைத் தள்ளிக்கேட்டுக் கடிதம் கொடுங்கள். உங்கள் 30 நாள் நோட்டீஸ் காலமே காரணமாகப் போதும். மறுத்தால், அப்போது முடிவு செய்யலாம்.

அதற்குள் நான் மேலே சொன்னபடி அந்த இருக்கையில் இருப்பவரைப் பார்த்துவிடுங்கள். பகுப்பாய்வும் களமும் உள்ள வேலை என்று தெரிந்தால், சுகாதாரத்துக்கே போங்கள் என்பேன். உங்கள் கடிதம் முழுக்க மனம் அங்கேதான் இருக்கிறது, 27 வயதில் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டே வருடம் என்று நாள் குறித்துக்கொண்டு, காலை ஒன்றரை மணி நேரம் தேர்வுக்குப் படிப்பது என்ற உறுதியோடு. டிஎன்பிஎஸ்சி புள்ளியியல் பதவிகளும் சிஜிஎல் புள்ளியியல் தாளும் முதல் இலக்கு. பாடம் பெரும்பாலும் ஒன்றே. வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் இடம் அறிவிக்கப்பட்டால் உங்கள் கள அனுபவம் தேர்வில் மதிப்பெண் தராது, பணியில் சேர்ந்த பிறகு கைகொடுக்கும்.

வெறும் டேட்டா என்ட்ரி என்று தெரிந்தால் திருப்பூரிலேயே இருங்கள். கோவை வேலைக்கும் அவசரப்பட வேண்டாம். மேலாளரிடம் பேசி ஆறு மாதம் கணக்குப் பிரிவின் ரீகன்சிலியேஷனையும் ஏற்றுமதி ரீஃபண்ட் வேலையையும் கேட்டு வாங்குங்கள். அந்த அனுபவத்தோடு போனால் அதே கோவை நிறுவனம் 38,000க்கு மேல் தரும், பாண்ட் இல்லாமலும் பேசலாம். தேர்வுப் படிப்பு இந்த வழியிலும் உண்டு.

அப்பாவுக்கு அந்த அறிவிப்புத் தாளைக் காட்டும்போது தேர்வு அட்டவணையையும் சேர்த்துக் காட்டுங்கள். டிஎன்பிஎஸ்சி ஆண்டுத் திட்டம் அதன் இணையதளத்தில் வருகிறது. அதை அச்செடுத்து, உங்களுக்குத் தகுதியான பதவிகளுக்கு நேரே கோடு போட்டு எடுத்துப் போங்கள்.